ஃபேக்டரி பாஸ்வேர்ட் பூட்டு ஆகுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் "பாஸ்வேர்ட் வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டால், பெரும்பாலும் "வைத்திருக்கிறேன்" என்றே பதில் வரும். விண்டோஸ் திறக்க ஒன்று, இ-மெயிலுக்கு ஒன்று, பேங்க் கணக்குக்கு ஒன்று. சரி, அந்தக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் கொண்டு வரும் ரவுட்டருக்கு என்ன பாஸ்வேர்ட்? வாசலில் மாட்டியிருக்கும் கேமராவுக்கு? மாடியில் உள்ள சோலார் இன்வெர்ட்டருக்கு? "அதற்கெல்லாம் பாஸ்வேர்ட் உண்டா?" என்று பலர் திருப்பிக் கேட்பார்கள்.

உண்டு. ஆனால் அதை வைத்தது நீங்கள் அல்ல, தயாரித்த கம்பெனி. இதை டீபால்ட் பாஸ்வேர்ட் அல்லது ஃபேக்டரி பாஸ்வேர்ட் என்பார்கள். பல கருவிகளில் ஒரே மாடல் எத்தனை ஆயிரம் விற்றாலும் அத்தனைக்கும் ஒரே பாஸ்வேர்ட்தான். அது என்ன என்பது மேனுவலிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அந்த மேனுவலை யார் வேண்டுமானாலும் இன்டர்நெட்டில் டவுன்லோட் செய்யலாம். கடையில் விற்கும் பூட்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரே சாவி என்றால், அந்தப் பூட்டை நீங்கள் வாங்குவீர்களா?

வீட்டு ரவுட்டர்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் இதே பழக்கம் குடிநீர் நிலையங்களிலும், அணைகளிலும், மின் நிலையங்களிலும் இருக்கிறது. அங்கே நடந்தவற்றை முதலில் தெரிந்துகொள்வோம். பிறகு நம் வீட்டுக்கு வருவோம்.

தோட்டத்து மோட்டாரே ஒரு பாடம்

தென்காசி, செங்கோட்டை, கடையம் பக்கம் வயலும் தோப்பும் வைத்திருப்பவர்கள் மொபைல் ஸ்டார்ட்டரைப் பார்த்திருப்பீர்கள். பம்ப் செட் ஸ்டார்ட்டரோடு இணைக்கும் சிறிய பெட்டி அது. அதற்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். வீட்டிலிருந்தே போன் செய்தால் மோட்டார் ஓடும். மூன்று பேஸ் கரண்டும் வந்திருக்கிறதா என்று அந்தப் பெட்டியே பார்த்துக்கொள்ளும். பல மாடல்களில், கிணற்றில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானாக நின்றுவிடும்.

இந்தச் சின்னப் பெட்டி மூன்று வேலைகளைச் செய்கிறது. ஒன்று, நிலைமையை அறிகிறது (கரண்ட் இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா). இரண்டு, முடிவெடுக்கிறது. மூன்று, ஒரு இயந்திரத்தை இயக்குகிறது அல்லது நிறுத்துகிறது.

இதையே பெரிய அளவில் செய்வதுதான் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அமைப்பு. சுருக்கமாக ஐ.சி.எஸ். என்பார்கள். அதில் அடிக்கடி வரும் பெயர்கள் இவை:

பி.எல்.சி.: புரோகிராமபிள் லாஜிக் கன்ட்ரோலர் என்பதன் சுருக்கம். மோட்டார், வால்வு போன்றவற்றை நேரடியாக இயக்கும் சிறிய கம்ப்யூட்டர் இது. மின்சாரப் பேனலுக்குள் பொருத்தியிருப்பார்கள். "தொட்டி நிரம்பினால் பம்பை நிறுத்து" என்பது போன்ற கட்டளைகள் இதற்குள் புரோகிராமாக இருக்கும்.

எச்.எம்.ஐ.: மனிதர் பார்ப்பதற்கான திரை. எந்தப் பம்ப் ஓடுகிறது, அழுத்தம் எவ்வளவு என்று காட்டும். அதிலேயே பட்டனைத் தொட்டு இயக்கவும் முடியும்.

ஆர்.டி.யு.: தொலைவில் உள்ள நிலையத்திலிருந்து அளவுகளை அனுப்பி, கட்டளைகளைப் பெறும் கருவி.

ஸ்காடா: பல ஊர்களில் சிதறிக் கிடக்கும் நிலையங்களை ஒரே அறையிலிருந்து கண்காணிக்கவும் இயக்கவும் உதவும் சாப்ட்வேர் அமைப்பு.

உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தால் பைல் போகும், பணமும் போகலாம். ஐ.சி.எஸ்.ஸில் யாராவது புகுந்தால் வால்வு திறக்கும், பம்ப் நிற்கும், அழுத்தம் கூடும். திரைக்கு வெளியே இருக்கும் மனிதர்களை அது தொடும். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கூடங்குளத்தில் நடந்தது

தென்காசி தனி மாவட்டமாகத் தொடங்கப்பட்டது 2019 நவம்பர் 22-ல். அதற்குச் சில வாரங்களுக்கு முன், தென்காசியும் கூடங்குளமும் ஒரே திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தபோது, கூடங்குளம் அணுமின் நிலையத்தின் பெயர் உலகச் செய்திகளில் அடிபட்டது.

2019 அக்டோபர் 28-ல், கூடங்குளம் நெட்வொர்க்கில் மால்வேர் புகுந்திருக்கிறது என்ற தகவல் வெளியில் பரவியது. அடுத்த நாள், அக்டோபர் 29-ல், நிலையத்தின் தரப்பில் மறுப்பு வந்தது. கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, வெளி நெட்வொர்க்குடனோ இன்டர்நெட்டுடனோ இணைக்கப்படாதவை, ஆகவே அவற்றின் மீது சைபர் தாக்குதல் சாத்தியமில்லை என்று அதில் கூறப்பட்டது.

அக்டோபர் 30-ல் இந்திய அணுமின் கழகம் இன்னொரு அறிக்கை வெளியிட்டது. மால்வேர் கண்டறியப்பட்டது உண்மைதான் என்று அது ஒப்புக்கொண்டது. மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், செப்டம்பர் 4-ஆம் தேதியே இதைத் தெரிவித்திருந்தது. பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்கான, இன்டர்நெட் இணைப்புள்ள நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் என்றும், முக்கியமான உள் நெட்வொர்க் அதிலிருந்து பிரிக்கப்பட்டிருக்கிறது என்றும், நிலையத்தின் இயக்கத்துக்குப் பாதிப்பில்லை என்றும் அறிக்கை கூறியது.

அந்த மால்வேரின் பெயர் டிட்ராக். கீபோர்டில் என்ன டைப் செய்கிறீர்கள், எந்தத் தளங்களைப் பார்த்தீர்கள், கம்ப்யூட்டரில் என்னென்ன பைல்கள் உள்ளன என்பதையெல்லாம் திரட்டும் உளவு சாப்ட்வேர் இது. வட கொரியாவுடன் தொடர்புபடுத்தப்படும் லசாரஸ் குழுவின் கைவேலை என்று காஸ்பர்ஸ்கி நிறுவனம் 2019 செப்டம்பரிலேயே எழுதியிருந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெளியில் கிடைத்த அந்த மால்வேர் மாதிரியைப் பிரித்துப் பார்த்தவர்கள், அதற்குள் கூடங்குளம் நெட்வொர்க்கின் பெயரும், அட்மினிஸ்ட்ரேட்டர் யூசர் நேமும், அதற்கான பாஸ்வேர்டும் அப்படியே எழுதப்பட்டிருந்ததைக் கண்டார்கள். அதாவது, அந்த மால்வேர் தயாரானபோதே பாஸ்வேர்ட் வெளியாள் கையில் இருந்தது. பாஸ்வேர்ட் கையில் இருந்தால் கதவை உடைக்கத் தேவையில்லை; திறந்துகொண்டு போகலாம்.

இங்கே காப்பாற்றியது எது? இரண்டு நெட்வொர்க்குகளுக்கும் நடுவே இருந்த பிரிவினை. ஒரு தடுப்பு விழுந்தாலும் அடுத்த தடுப்பு நின்றது. பாஸ்வேர்ட் ஒன்றையே நம்பியிருக்கக் கூடாது என்பது இதில் முதல் பாடம். பிரிவினை இருக்கிறதே என்று பாஸ்வேர்டை அசட்டையாக விடக் கூடாது என்பது இரண்டாவது பாடம்.

நான்கு ஒன்றுகள்

பிரிவினையும் இல்லாமல், பாஸ்வேர்டும் பலவீனமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு உதாரணம் கிடைத்தது.

பென்சில்வேனியா மாநிலத்தில் அலிகிப்பா என்று ஒரு சிறிய ஊர். 2023 நவம்பர் 25-ல், அந்த ஊர்க் குடிநீர் வாரியத்தின் ஒரு பம்ப் நிலையத்தில் தண்ணீர் அழுத்தத்தைச் சீராக்கும் கருவியின் திரையில் வழக்கமான படம் மறைந்து, "ஹேக் செய்யப்பட்டுவிட்டீர்கள்" என்ற மிரட்டல் தோன்றியது. அந்தக் கருவி, இஸ்ரேலின் யூனிட்ரானிக்ஸ் நிறுவனம் தயாரித்த பி.எல்.சி. இஸ்ரேல் தயாரிப்புகள்தான் தங்கள் இலக்கு என்று தாக்கியவர்கள் அறிவித்தார்கள். ஈரானைச் சேர்ந்த குழு என்று அமெரிக்க அரசு கூறியது.

ஊழியர்கள் அந்தக் கருவியை நிறுத்திவிட்டுக் கையால் பம்பை இயக்கினார்கள். குடிநீருக்கு ஆபத்து வரவில்லை. ஆனால் அடுத்து வந்த அரசு எச்சரிக்கையில் இருந்த விவரம்தான் பலரையும் திகைக்க வைத்தது. அந்த வகைக் கருவிகள் நேரடியாக இன்டர்நெட்டில் தெரியும்படி இணைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்குத் தொழிற்சாலையில் வைக்கப்பட்ட பாஸ்வேர்ட் "1111". அந்தச் சில மாதங்களில் குறைந்தது 75 கருவிகள் இப்படிப் பிடிபட்டன.

இதற்குப் பெரிய மூளை எதுவும் தேவைப்படவில்லை. இன்டர்நெட்டில் தெரியும் கருவிகளைத் தேடிப் பட்டியலிடும் தளங்கள் இருக்கின்றன. பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றிலும் நான்கு ஒன்றுகளை டைப் செய்தால் போதும்.

அணையும் காற்றாலையும்

நம் பகுதிக்காரர்களுக்குத் தண்ணீரின் வேகத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2024 மே 17-ல் பழைய குற்றாலம் அருவியில் திடீரென வந்த வெள்ளத்தில் ஒரு பள்ளி மாணவர் உயிரிழந்தார். அது மலையில் பெய்த மழையால் வந்த வெள்ளம். எந்தக் கம்ப்யூட்டருக்கும் அதில் பங்கில்லை. ஆனால் குளித்துக்கொண்டிருப்பவர்கள் விலகுவதற்குள் தண்ணீர் வந்துவிடும் என்பதை அன்று எல்லோரும் பார்த்தோம். ஒரு அணையின் வால்வு யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி ஏன் முக்கியம் என்பது இதிலிருந்தே புரியும்.

நார்வே நாட்டில் பிரமாங்கர் என்ற இடத்தில் உள்ள சிறிய அணை ஒன்றில் 2025 ஏப்ரலில் இது நடந்தது. அணையின் வால்வை இயக்கும் கன்ட்ரோல் பேனல் இன்டர்நெட் வழியாகத் திறக்கும்படி இருந்தது. யாரோ அதில் புகுந்து வால்வை முழுவதும் திறந்துவிட்டார்கள். விநாடிக்குச் சுமார் 500 லிட்டர் தண்ணீர் கூடுதலாக வெளியேறியது. நான்கு மணி நேரம் கழித்துத்தான் கவனித்து மூடினார்கள். ஆற்றுக்கு அதைவிடப் பல மடங்கு தண்ணீரைத் தாங்கும் அளவு இருந்ததால் யாருக்கும் பாதிப்பில்லை. பலவீனமான பாஸ்வேர்ட்தான் காரணமாக இருக்கக்கூடும் என்று அணைத் தரப்பில் கூறினார்கள். ரஷ்யச் சார்பு ஹேக்கர்களே இதைச் செய்தார்கள் என்று அந்த ஆண்டு ஆகஸ்டில் நார்வே போலீஸ் பாதுகாப்புப் பிரிவின் தலைவர் குற்றம் சாட்டினார்.

அடுத்து காற்றாலை. குற்றாலத்தில் சாரல் அடிக்க வைக்கும் அதே தென்மேற்குக் காற்றுதான் செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து சுரண்டை, ஊத்துமலை, ஆலங்குளம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றுகிறது. இன்றைய காற்றாலைகளைத் தூரத்தில் உள்ள அறையிலிருந்தே கண்காணிப்பார்கள். போலந்து நாட்டில் 2025 டிசம்பர் 29-ல் 30-க்கும் மேற்பட்ட காற்றாலை, சோலார் மின் நிலையங்களின் கட்டுப்பாட்டுக் கருவிகள் தாக்கப்பட்டன. மின் உற்பத்தி நிற்கவில்லை. ஆனால் நிலையங்களுக்கும் மின் வாரியத்துக்கும் நடுவே இருந்த தொடர்பு அறுந்தது. பல கருவிகளில் மாற்றப்படாத ஃபேக்டரி பாஸ்வேர்டுகளே இருந்தன என்று விசாரணையில் தெரிந்தது.

இன்ஜினியர்களுக்கு இது தெரியாதா?

நியாயமான கேள்வி. தெரியும். இருந்தும் இப்படி ஆவதற்குக் காரணங்கள் உண்டு.

1. அந்தக் காலத்து வடிவமைப்பு: பி.எல்.சி.க்கள் பேசிக்கொள்ளப் பயன்படும் மோட்பஸ் என்ற முறை 1979-ல் வந்தது. அதில் பாஸ்வேர்ட் என்ற ஏற்பாடே கிடையாது. கட்டளை வந்தால் கருவி செய்யும். யார் அனுப்பியது என்று கேட்காது. அன்று கேபிள் தொழிற்சாலைச் சுவருக்குள்ளேயே முடிந்துவிட்டது. சுவரே பூட்டாக இருந்தது. பிறகு அதே கருவிகளை இன்டர்நெட்டில் இணைத்தார்கள். சுவர் போய்விட்டது, பூட்டு மட்டும் வரவில்லை.

2. நீண்ட ஆயுள்: உங்கள் கம்ப்யூட்டரை ஐந்தாறு வருடத்தில் மாற்றிவிடுவீர்கள். ஒரு பி.எல்.சி. 15, 20 வருடம் ஓடும். அப்டேட் போட வேண்டுமென்றால் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். குடிநீர் பம்பையோ மின் நிலையத்தையோ நினைத்த நேரத்தில் நிறுத்த முடியாது.

3. அவசரம்: நள்ளிரவில் அலாரம் அடிக்கும்போது ஆபரேட்டர் 16 எழுத்துப் பாஸ்வேர்டை நினைவுபடுத்திக்கொண்டு நிற்க முடியாது என்ற பயம். அதனால் எல்லா ஷிப்டுக்கும் ஒரே பாஸ்வேர்ட். அதுவும் பேனல் கதவில் ஒட்டிய காகிதத்தில்.

4. சர்வீஸ் வசதி: கருவியைப் பொருத்த வருபவருக்கு நூறு ஊர்களில் நூறு கருவிகள். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்ட் என்றால் அவருக்கு வேலை சுலபம்.

5. மாற்றவே முடியாத பாஸ்வேர்ட்: சில சாப்ட்வேர்களில் தயாரித்தவர்களே பாஸ்வேர்டைப் புரோகிராமுக்குள் எழுதிவைத்துவிடுவார்கள். 2010-ல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் மால்வேர், சீமென்ஸ் நிறுவனத்தின் வின்.சி.சி. சாப்ட்வேரில் இருந்த இத்தகைய பாஸ்வேர்டைப் பயன்படுத்தியது. அந்தப் பாஸ்வேர்ட் 2008-லேயே இன்டர்நெட்டில் வெளியாகிவிட்டிருந்தது. அதை மாற்றினால் தொழிற்சாலையின் இயக்கம் பாதிக்கப்படலாம் என்பதால், மாற்ற வேண்டாம் என்றே சீமென்ஸ் அப்போது சொல்ல வேண்டியிருந்தது. ஈரான் அணு ஆலையைக் குறிவைத்த அந்த மால்வேர் அதிகம் பரவிய நாடுகளில், ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து இந்தியா இருந்தது.

இலவச பாஸ்வேர்ட் கிராக்கர் வேண்டாம்

பாஸ்வேர்ட் மறந்துபோனால் பலர் செய்யும் வேலை, "பாஸ்வேர்ட் கிராக்கர்" என்று தேடி டவுன்லோட் செய்வது. தொழிற்சாலைகளிலும் இது நடக்கிறது. பி.எல்.சி.யை அமைத்தவர் வேலையை விட்டுப் போயிருப்பார். பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. அப்போது ஒரு சின்ன சாப்ட்வேர் கண்ணில் படும்.

2022 ஜூலையில் டிராகோஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் அப்படி ஒன்றை ஆராய்ந்தது. டைரக்ட்லாஜிக் என்ற வகை பி.எல்.சி.யின் பாஸ்வேர்டை அது சொன்னபடியே எடுத்துக் கொடுத்தது. ஆனால் அதே நேரத்தில் சாலிட்டி என்ற மால்வேரைக் கம்ப்யூட்டருக்குள் இறக்கியது. சாவி செய்துகொடுத்தவர், தனக்கும் ஒரு சாவி செய்துகொண்டார். விண்டோஸ் பாஸ்வேர்ட், ஜிப் பைல் பாஸ்வேர்ட் என்று எதற்காகவும் இத்தகைய சாப்ட்வேர்களைத் தொடாதீர்கள்.

ஒரு சின்னக் கணக்கு

பாஸ்வேர்ட் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நான்கு இலக்கப் பாஸ்வேர்ட் என்றால் 0000 முதல் 9999 வரை மொத்தம் 10,000 தான். விநாடிக்கு ஒன்று வீதம் முயன்றாலும் 2 மணி 46 நிமிடம் 40 விநாடியில் எல்லாம் முடிந்துவிடும்.

எட்டு இலக்கம் என்றால் 10 கோடி. விநாடிக்கு 1,000 வீதம் முயலும் புரோகிராமுக்கு இது சுமார் 28 மணி நேர வேலை.

ஆங்கிலச் சிறிய எழுத்துகள் மட்டும் கொண்ட 12 எழுத்துப் பாஸ்வேர்ட் என்றால், அதே வேகத்தில் எல்லாவற்றையும் முயன்று முடிக்க ஏறக்குறைய 30 லட்சம் ஆண்டுகள் ஆகும். ஒவ்வொரு எழுத்து கூடும்போதும் வேலை 26 மடங்கு பெருகுகிறது. ஆகவே விசித்திரக் குறிகளைவிட நீளமே முக்கியம்.

தவறான முயற்சிகளுக்குத் தடை போடுவதும் உதவும். ஐந்து முறை தவறினால் ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று கருவியில் ஏற்பாடு இருந்தால், நான்கு இலக்கத்தைக்கூட முழுவதும் முயன்று முடிக்க சுமார் ஏழு நாள் பிடிக்கும்.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாதபோதுதான் செல்லும். ஃபேக்டரி பாஸ்வேர்ட் என்றால் முதல் முயற்சியிலேயே கதவு திறந்துவிடும்.

நம் வீடும் இந்தப் பட்டியலில்தான்

2016-ல் மிராய் என்ற மால்வேர் இதைத்தான் செய்தது. அதற்குள் 60-க்கும் மேற்பட்ட ஃபேக்டரி யூசர் நேம், பாஸ்வேர்ட் ஜோடிகள் இருந்தன. அவற்றை வைத்து உலகம் முழுவதும் உள்ள வீட்டுக் கேமராக்கள், டி.வி.ஆர்.கள், ரவுட்டர்கள் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. பிடிபட்ட கருவிகளைக் கொண்டு 2016 அக்டோபர் 21-ல் நடத்திய தாக்குதலில் அமெரிக்காவில் பல பெரிய தளங்கள் திறக்க முடியாமல் போயின. கேமராவின் சொந்தக்காரர்களுக்கோ தங்கள் கேமரா இந்த வேலையைச் செய்வதே தெரியாது.

நம் நாட்டில் நடந்தது இன்னும் வேதனையானது. குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் திருடப்பட்டு, பெண்களின் பரிசோதனைக் காட்சிகள் விற்கப்பட்டது 2025 பிப்ரவரியில் வெளிச்சத்துக்கு வந்தது. அங்கே கேமரா அமைப்பில் இருந்தது "அட்மின்123" என்ற டீபால்ட் பாஸ்வேர்ட் என்று செய்திகள் வந்தன. குற்றால சீசனுக்கு அறை வாடகைக்கு விடுபவர்களும், வீட்டுக்குள் கேமரா மாட்டுபவர்களும் இதை ஒரு முறைக்கு இரு முறை படிக்க வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

முதலில் ரவுட்டர்.

1. ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். 192.168.1.1 அல்லது 192.168.0.1 போன்ற ஒரு முகவரி இருக்கும். இல்லையென்றால் விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் சென்று நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ், ஹார்டுவேர் அண்ட் கனெக்ஷன் ப்ராபர்ட்டீஸ் என்று வரிசையாகக் கிளிக் செய்யுங்கள். டீபால்ட் கேட்வே என்ற வரியில் உள்ள எண்தான் அது.

2. பிரவுசரின் அட்ரஸ் பாரில் அந்த எண்ணை டைப் செய்து என்டர் தட்டுங்கள். லாகின் பக்கம் வரும். ஸ்டிக்கரில் உள்ள யூசர் நேம், பாஸ்வேர்டைக் கொடுங்கள்.

3. உள்ளே அட்மினிஸ்ட்ரேஷன், சிஸ்டம் அல்லது மேனேஜ்மென்ட் என்ற பகுதியில் பாஸ்வேர்ட் மாற்றும் வசதி இருக்கும். மாற்றி சேவ் செய்யுங்கள்.

4. கவனிக்க: வை-ஃபை பாஸ்வேர்ட் வேறு, ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்ட் வேறு. வை-ஃபை பாஸ்வேர்ட் விருந்தாளிக்குக் கொடுப்பது. அட்மின் பாஸ்வேர்ட் வீட்டுக்காரருக்கு மட்டும். இரண்டும் ஒன்றாக இருக்கக் கூடாது.

5. ரிமோட் மேனேஜ்மென்ட் என்ற வசதி ஆன் ஆகியிருந்தால் ஆஃப் செய்யுங்கள். வெளியிலிருந்து யாரும் இந்தப் பக்கத்தைத் திறக்க முடியாது.

அடுத்து கேமரா, டி.வி.ஆர். பொருத்த வருபவர் எதிரிலேயே புதிய பாஸ்வேர்டை நீங்கள் டைப் செய்யுங்கள். அவர் சொல்வதை அப்படியே வைத்துவிடாதீர்கள். போனில் பார்க்க வேண்டிய தேவை இல்லையென்றால் இன்டர்நெட் இணைப்பே கொடுக்க வேண்டாம். பழுது பார்க்க யாருக்காவது பாஸ்வேர்ட் கொடுத்திருந்தால், வேலை முடிந்த அன்றே மாற்றுங்கள். இந்தியாவில் விற்கும் சி.சி.டி.வி. கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை 2025 ஏப்ரல் முதல் கட்டாயமாகியிருக்கிறது. ஆனால் அதற்கு முன் வாங்கி மாட்டிய கேமராவுக்கு நீங்கள்தான் பொறுப்பு.

மூன்றாவது, சோலார் இன்வெர்ட்டர். உற்பத்தியைப் போனில் காட்டுவதற்காக இதில் வை-ஃபை டேட்டா லாக்கர் என்ற சிறு கருவி இருக்கும். அதன் ஆப் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பொருத்தியவரின் போன் எண்ணிலேயே பல வீடுகளின் கணக்கு இருப்பதுண்டு. உங்கள் எண்ணுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். டேட்டா லாக்கருக்குத் தனியாகப் பாஸ்வேர்ட் இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

நான்காவது, மொபைல் ஸ்டார்ட்டர். உங்கள் மாடலில் குறிப்பிட்ட எண்களிலிருந்து மட்டும் இயங்கும்படி பதிவு செய்யும் வசதி இருந்தால், வீட்டார் எண்களை மட்டும் பதிவு செய்யுங்கள். எஸ்.எம்.எஸ். கட்டளைக்குப் பாஸ்வேர்ட் கேட்கும் மாடல் என்றால், மேனுவலில் உள்ளதை மாற்றுங்கள். பழைய சிம்மைத் தூக்கிப் போடும்போது, ஸ்டார்ட்டரில் பதிவான அந்த எண்ணையும் நீக்குங்கள். அந்த எண் பிறகு வேறு யாருக்காவது போகலாம்.

நல்ல பாஸ்வேர்ட் எப்படி அமைப்பது?

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை எடுத்து ஆங்கில எழுத்தில் சேர்த்து டைப் செய்யுங்கள். உதாரணமாக முறுக்கு, ஏணி, நாரை, திண்ணை. 20 எழுத்துக்கு மேல் வந்துவிடும், நினைவிலும் நிற்கும். இந்த உதாரணத்தை அப்படியே வைக்காதீர்கள். அச்சில் வந்தது எதுவும் இனி ரகசியம் இல்லை. பாடல் வரி, குழந்தையின் பெயர், வண்டி எண், ஊர்ப் பெயர் வேண்டவே வேண்டாம்.

நோட்டில் எழுதி வைக்கலாமா? வீட்டுக் கருவிகளின் பாஸ்வேர்டுகளை ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் வைப்பதில் தவறில்லை. உலகின் மறுகோடியில் உள்ள ஹேக்கரால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. ஆனால் ரவுட்டர் மீதே எழுதி ஒட்டாதீர்கள்.

மாற்றிய பாஸ்வேர்ட் மறந்துவிட்டால்? ரவுட்டரின் பின்புறம் உள்ள ரீசெட் துவாரத்தில் குண்டூசியால் சில விநாடிகள் அழுத்தினால் பழைய ஃபேக்டரி பாஸ்வேர்ட் திரும்பிவிடும். இன்டர்நெட் கம்பெனி கொடுத்த செட்டிங்குகளும் அழிந்துவிடும் என்பதால், முதலில் அவர்களுக்குப் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். ரீசெட் ஆனதும் பாஸ்வேர்டை மறுபடி மாற்ற வேண்டும்.

ஒரு எச்சரிக்கை

இதைப் படித்தபின் பக்கத்து வீட்டு ரவுட்டரிலோ, வேறு யாருடைய கருவியிலோ "திறக்கிறதா" என்று விளையாட்டாகக்கூட முயலாதீர்கள். பாஸ்வேர்ட் ஊருக்கே தெரிந்ததாக இருந்தாலும், அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66-ன்படி மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். அரசு பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த கம்ப்யூட்டர் அமைப்புகள் என்றால் பிரிவு 70-ன்படி பத்து ஆண்டு வரை சிறை. உங்கள் கருவியில் யாரோ புகுந்திருப்பதாகத் தெரிந்தால் 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் செய்யலாம்.

சிறு தொழில் நடத்துபவர்கள், ஐஸ் பேக்டரி, அரிசி ஆலை, குடிநீர் பிளான்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் பேனலைப் பொருத்தியவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது இன்டர்நெட்டில் இணைந்திருக்கிறதா? இதன் பாஸ்வேர்ட் மாற்றப்பட்டதா? இது நின்றுபோனால் கையால் இயக்க வழி உண்டா? அலிகிப்பாவில் ஊருக்குத் தண்ணீர் நிற்காமல் போனது அந்த மூன்றாவது ஏற்பாடு இருந்ததால்தான்.

இந்த வாரம் ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு தாளில், வீட்டில் கரண்டும் சிம் அல்லது வை-ஃபையும் உள்ள கருவிகளையெல்லாம் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதன் பாஸ்வேர்டை வைத்தது யார் என்று எழுதுங்கள். "கம்பெனி" என்றோ "பொருத்தியவர்" என்றோ வரும் இடங்களில் எல்லாம் உங்களுக்கு வேலை இருக்கிறது. ரவுட்டரிலிருந்து தொடங்குங்கள்.